2 மீட்டருக்கு எந்த ரிப்பீட்டர்? பழைய கமர்ஷியல் பெட்டியை வாங்கும் முன் பெங்களூர் ஹாம்கள் யோசிக்க வேண்டியவை

பெங்களூரில் தமிழ் பேசும் ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு ரிப்பீட்டர் (ஒரு ஃப்ரீக்வென்சியில் கேட்பதை அப்போதே இன்னொன்றில் திரும்ப அனுப்பித் தூரத்தைக் கூட்டும் பெட்டி) போடலாம் என்று பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: ஏதோ ஒரு தொழிற்சாலையோ ஹோட்டலோ டிஜிட்டலுக்கு மாறியிருக்கிறது, அவர்களுடைய பழைய ரிப்பீட்டர் சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கி நம்ம ஃப்ரீக்வென்சிக்கு மாற்றிவிடலாமா? மாற்றலாம், நன்றாகவே மாற்றலாம். கமர்ஷியல் பெட்டிகள் வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை, அந்த உழைப்பை ஒரு சாதாரண ஹாம் ரேடியோவிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் எந்தப் பெட்டி என்று முடிவெடுக்கும்போது எல்லோரும் கம்பெனி பெயரையும் வாட்டையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள்: பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும் ஃப்ரீக்வென்சி எல்லை, அப்புறம் டூப்ளெக்ஸர், அதாவது ஒரே ஆண்டெனாவில் அனுப்பிக்கொண்டே கேட்கவும் வைக்கும் ஃபில்டர்.

முதலில் லேபிள். இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் குறிப்புகளில் பாதிக்கு மேல் அமெரிக்க ஹாம்கள் எழுதியவை. அவர்களுக்கு 2 மீட்டர் என்ற ஹாம் பேண்ட் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை, ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் 146-க்கு மேலே. அதனால் 146–174 என்று எல்லை போட்ட ஒரு கமர்ஷியல் பெட்டியை அவர்கள் வாங்கினால் புரோகிராம் மட்டும் செய்தாலே போதும், வேலை முடிந்தது. நமக்கு அப்படி இல்லை. இந்தியாவில் 2 மீட்டர் 144-இல் தொடங்கி 146-இல் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியின் எல்லை தொடங்கும் இடத்தில் நம்முடைய பேண்டே முடிந்துபோகிறது! அதிலும் ரிப்பீட்டரின் உள்ளீடு வெளியீட்டைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும், உதாரணத்துக்கு 145.700-இல் அனுப்பினால் 145.100-இல் கேட்க வேண்டும். பெட்டியின் எல்லையிலிருந்து அதிகம் விலகி நிற்பது ரிசீவர்தான், சிக்னல் பலவீனமாக வருகிற பக்கமும் அதுதான்.

எனவே லேபிளைப் படியுங்கள். கென்வுட் டிகேஆர்-750 நல்ல பெட்டி, ஆனால் அதில் 146–174 வகையும் உண்டு, 136–150 வகையும் உண்டு. மோட்டரோலா எம்டிஆர்2000 விஎச்எஃப்-இல் (2 மீட்டர் அடங்கும் அலைவரிசைப் பகுதி) 132–154, 150–174 என்று இரண்டு. ஜிஎம்300 என்ற மொபைல் செட்டில், அதாவது வண்டியில் பொருத்தும் ரேடியோவில், 136–162, 146–174. ஒவ்வொன்றிலும் தாழ்ந்த எல்லை உள்ள வகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 146-இல் தொடங்கும் வகை கிடைத்தால், ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் கீழே இழுக்கப் பெரும்பாலும் முடியும். ஃப்ரீக்வென்சியை உண்டாக்கும் விசிஓ அங்கேயும் நிலைத்து நிற்கும், முன்பக்க ஃபில்டரைத் திருகித் திரும்ப ட்யூன் செய்ய வேண்டும், மென்பொருள் ‘எல்லைக்கு வெளியே’ என்று அடம்பிடிப்பதையும் சமாளிக்க வேண்டும். 150–174 வகையை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆறு மெகாஹெர்ட்ஸ் இழுப்பதற்குக் காயில், கெப்பாசிட்டர் என்று போர்டில் கை வைக்க வேண்டிவரும், அதற்குப் பிறகும் கோடைக்கும் குளிருக்கும் அது ஒரே மாதிரி நடக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

விஎச்எஃப் இவ்வளவு தொல்லை என்றால் அதற்கு மேலே 70 சென்டிமீட்டர் பேண்ட் இருக்கும் யுஎச்எஃப்-க்குப் போகலாமே என்று உடனே தோன்றும். பெட்டிகளும் யுஎச்எஃப்-இல்தான் அதிகம் கிடைக்கின்றன, டூப்ளெக்ஸருக்குள் இருக்கும் கேவிட்டி என்ற உலோக உருளையும் சின்னது. ஆனால் நம் நாட்டில் 70 சென்டிமீட்டர் பேண்ட் 434 முதல் 438 வரை, மொத்தமே நாலு மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் வழக்கமான 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இதற்குள் அடங்கவே அடங்காது. போதாததற்கு 435-லிருந்து 438 வரை உலகமெங்கும் அமெச்சூர் செயற்கைக்கோள்களோடு பேசும் இடம், அங்கே ஒரு நகரம் முழுக்கக் கேட்கிற எஃப்எம் ரிப்பீட்டரை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இஸ்ரோ கட்டிய ஹாம்சாட் 2005 மே மாதம் பிஎஸ்எல்வி-சி6-இல் ஏறிப் போனபோது அதோடு பேசுவதற்கு மேலே அனுப்பியது இந்த 435-இல்தான், கீழே வந்தது 145.9 பக்கம். பெங்களூர் ஹாம்களுக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளை. ஆக மிஞ்சுவது 434-க்கும் 435-க்கும் நடுவே ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ். மோட்டரோலா குவாண்டார் என்ற அருமையான பெட்டியின் யுஎச்எஃப் வகைகளில் ஒன்று 403–433, அடுத்தது 438–470. நம்முடைய பேண்ட் சரியாக இரண்டுக்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தில் விழுகிறது. யுஎச்எஃப் ரிப்பீட்டர் கூடாது என்று சொல்ல வரவில்லை, முதல் ரிப்பீட்டராக வேண்டாம் என்கிறேன்.

இனி டூப்ளெக்ஸர். இதில்தான் பணமும் பொறுமையும் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே ஆண்டெனாவில் 50 வாட் அனுப்பிக்கொண்டே 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி கால் மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸில் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது அரை சதவீதம்கூட இல்லை. இதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 85 முதல் 95 டெசிபல் வரை தனிமைப்படுத்தல் தேவை. கமர்ஷியல் ரிப்பீட்டரோடு கூடவே வரும் தட்டையான சின்ன டூப்ளெக்ஸர் இருக்கிறதே, அது நாலைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்காகச் செய்தது. அதை 600 கிலோஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய எத்தனை நாள் உட்கார்ந்தாலும் வராது, கட்டமைப்பிலேயே முடியாது. ‘டூப்ளெக்ஸரோடு சேர்த்துத் தருகிறேன்’ என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது வேண்டிய ஃப்ரீக்வென்சியை விட்டு வேண்டாததை வெட்டும் பேண்ட்பாஸ்-பேண்ட்ரிஜெக்ட் வகை கேவிட்டிகள், குறைந்தது நாலு, முடிந்தால் ஆறு. கால் அலைநீளம் இங்கே சுமார் 52 சென்டிமீட்டர், ஆகவே ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் நிற்கும். ஆறு கேவிட்டிக்கு ஒரு சின்ன அலமாரி இடம் வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் கேட்டு அபார்ட்மெண்ட் சங்கத்திடம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு ஆண்டெனாவை மேலும் கீழுமாக வைத்து டூப்ளெக்ஸரையே தவிர்க்கலாமா? கணக்கு போட்டுப் பாருங்கள்: செங்குத்தாக 20 மீட்டர் இடைவெளி விட்டால் சுமார் 65 டெசிபல் கிடைக்கும். அல்சூரிலோ கே.ஆர். புரத்திலோ இருக்கும் ஒரு மொட்டை மாடியில் அவ்வளவு உயரக் கம்பம் யார் நடுவார்? இடம் கிடைத்தாலும் பாக்கி 20, 30 டெசிபலுக்குக் கேவிட்டி வேண்டும்தான். இரண்டு ஆண்டெனா, இரண்டு கேபிள், இரண்டு மின்னல் தடுப்பு. பழைய டவர் ஒன்று கைவசம் உள்ளவர்களுக்கு மட்டும் இது லாபம்.

டூப்ளெக்ஸரில் போகும் இழப்பையும் கணக்கில் வையுங்கள். ஒன்றரை டெசிபல் என்றால் 50 வாட் 35 ஆகிவிடும். வாட்டைப் பார்த்துப் பெட்டி வாங்காதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். நம் முன்னால் நாலு வழி இருக்கிறது.

ஒன்று, இரண்டு மொபைல் செட்டுகளை முதுகோடு முதுகு சேர்ப்பது, ஒன்று கேட்க, ஒன்று அனுப்ப. ஜிஎம்338 மாதிரி 136–174 முழுக்கப் போகும் செட் இரண்டு கிடைத்துவிட்டால் ஃப்ரீக்வென்சி பிரச்சினையே இல்லை. பின்னால் இருக்கும் ஆக்சஸரி கனெக்டரில் பிடிடி (அனுப்பச் சொல்லும் இணைப்பு), ஸ்க்வெல்ச் நிலை (சிக்னல் வந்திருக்கிறதா என்பது), டிஸ்கிரிமினேட்டர் ஆடியோ (ரிசீவரிலிருந்து திருத்தாமல் நேரே எடுக்கும் ஒலி) எல்லாம் வந்துவிடும், நடுவே ஒரு ஆர்டுயினோவோ ராஸ்பெர்ரி பையில் ஓடும் எஸ்விஎக்ஸ்லிங்க் மென்பொருளோ கண்ட்ரோலராக உட்காரும். செலவு குறைவு, ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்றைச் செருகிவிடலாம், கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல வழி கிடையாது. பலவீனம் சூடு. மொபைல் செட் விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்தது. ஞாயிறு காலை நெட்டில் (ஹாம்கள் ஒரே ஃப்ரீக்வென்சியில் கூடிப் பேசும் நேரம்) முப்பது பேர் அடுத்தடுத்து வந்தால் ஒரு மணி நேரம் டிரான்ஸ்மிட்டர் அணையாது. 45 வாட் செட்டை 10, 15 வாட்டில் வைத்து, ஹீட்சிங்க்குக்கு நேராக ஒரு ஃபேன் போட்டால் தாங்கும், முழு வாட்டில் வைத்தால் ஒரு கோடையில் போய்விடும். இரண்டு செட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது. டிரான்ஸ்மிட்டரின் கசிவு டூப்ளெக்ஸரைச் சுற்றிக்கொண்டு கேஸ் வழியாகவும் பவர் வயர் வழியாகவும் ரிசீவருக்குள் நுழைந்துவிடும். தனித்தனி உலோகப் பெட்டி, ஒவ்வொன்றின் பவர் வயரிலும் ஃபில்டர் என்று செய்தால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த 90 டெசிபலுக்கு அர்த்தம்.

இரண்டாவது, ரிப்பீட்டராகவே பிறந்த பழைய அனலாக் பெட்டி. மேலே சொன்ன டிகேஆர்-750, எம்டிஆர்2000 வகையறா. உள்ளே டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் தனித்தனி உலோக அறை, பெரிய ஹீட்சிங்க், ரிசீவருக்குள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கான அகலமான ஐஎஃப் ஃபில்டர். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. நம் ஊரில் பெரும்பாலான ஹாம் செட்டுகள் 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில், அதாவது குரலோடு சிக்னல் அவ்வளவு தூரம் இருபக்கமும் அசையும்படி, பேசுகின்றன. 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய சேனலுக்கு மட்டும் ஃபில்டர் போட்ட ரிசீவரில் அந்தக் குரல் உச்சியில் கரகரத்து வெட்டும், ஸ்க்வெல்ச்சும் பேச்சின் நடுவே மூடிக்கொள்ளும். பழைய பெட்டி என்பதே இங்கே ஒரு தகுதி. குறை என்னவென்றால் மென்பொருள். சில மாடல்களைப் புரோகிராம் செய்ய டாஸ் காலத்து மெதுவான கம்ப்யூட்டரும் அதற்கென்றே ஒரு இண்டர்ஃபேஸ் பெட்டியும் வேண்டும். வாங்குவதற்கு முன்னாலேயே இந்த மாடலைப் புரோகிராம் செய்யத் தெரிந்தவர் பெங்களூரிலோ ஓசூரிலோ ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். கமர்ஷியல் பெட்டி தானாக அழைப்புக்குறி சொல்லாது அல்லது சொல்லும் வசதி அணைந்திருக்கும், அதற்கு மட்டும் ஒரு சின்ன ஐடி போர்டு வெளியிலிருந்து சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பழைய டிஎம்ஆர் ரிப்பீட்டர், அதாவது குரலை டிஜிட்டலாக அனுப்பும் வகை. மோட்டரோலா எக்ஸ்ஐஆர் ஆர்8200, எஸ்எல்ஆர்5300, ஹைட்டெரா ஆர்டி985 இவையெல்லாம் 136–174 முழுவதும் போகின்றன, ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம், ஃப்ரீக்வென்சியை அடித்தால் போதும். முழு நேரமும் அனுப்பக்கூடியவை. ஒரே சேனலில் இரண்டு டைம்ஸ்லாட், அதாவது தமிழ் நெட் ஒன்றில் ஓடும்போதே இன்னொன்றில் வேறு இருவர் பேசலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் யாருக்காக ரிப்பீட்டர் போடுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று பரீட்சை பாஸ் செய்து வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கிய ஒரு கல்லூரிப் பையன் கையில் இருப்பது விலை குறைந்த அனலாக் கையடக்க ரேடியோ செட். அவனால் இதில் பேச முடியாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் செல்ஃபோன் விழுந்தபோது ஹாம்கள் இறங்கி வேலை பார்த்தார்கள். அப்படி ஒரு நாள் இங்கே வந்தால் கோடெக், கலர்கோடு, டாக்குரூப் என்ற டிஜிட்டல் அமைப்புகளெல்லாம் சரியாகப் போட்ட செட் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்தப் பெட்டிகளை அனலாக்கிலேயே ஓட்டலாம், கலப்பு முறையும் சிலவற்றில் உண்டு. எனவே டிஎம்ஆர் பெட்டி மலிவாகக் கிடைத்தால் வாங்கி அனலாக்கில் ஓட்டுங்கள், டிஜிட்டலைப் பிற்பாடு பார்க்கலாம். ஒன்று மட்டும்: பழைய உரிமையாளர் கோட்பிளக்குக்கு (பெட்டிக்குள் ஏற்றிய அமைப்புகளின் கோப்பு) பாஸ்வேர்ட் போட்டு வைத்திருக்கிறாரா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பூட்டிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதைத் திறக்கவே தனியாக அலைய வேண்டும்.

நான்காவது, புதிதாக வாங்குவது. யேசு டிஆர்-2எக்ஸ் போல ஹாம்களுக்கென்றே வரும் ரிப்பீட்டர், அல்லது சீனாவிலிருந்து வரும் கையடக்கப் பெட்டி. முதலாவதில் மாற்ற எதுவுமில்லை, கிளப்பிடம் பணம் இருந்தால் சுலபம். ஆனால் இறக்குமதி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், டூப்ளெக்ஸர் செலவு அப்படியே நிற்கிறது. இரண்டாவதில் உள்ளே டூப்ளெக்ஸரும் இருக்கிறது என்று விளம்பரம் போடுவார்கள், அது பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கானது, நம் 600 கிலோஹெர்ட்ஸுக்கு உதவாது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் ஒரு உயரமான கட்டடத்தில் கரண்ட் உள்ள இடத்தில் வைக்கும் ரிப்பீட்டருக்கு இரண்டாவது வழிதான். 136–150 அல்லது 132–154 லேபிள் உள்ள அனலாக் ரிப்பீட்டர், 25 வாட்டில். அது கிடைக்கவில்லையென்றால் மூன்றாவது பெட்டியை அனலாக்கில். இரண்டுக்கும் முன்னால் டூப்ளெக்ஸரைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எப்போதும் கிடைக்கும், 144–146-க்கு இறங்கும் நல்ல கேவிட்டி செட் அப்படிக் கிடைக்காது. 150-க்கு மேல் செய்த கேவிட்டிகளில் உள்ளே இருக்கும் கம்பி நம் ஃப்ரீக்வென்சிக்கு நீளம் போதாமல் போகலாம், அதையும் கேட்டு வாங்குங்கள்.

ட்யூன் செய்யும்போது நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவீட்டுக் கருவி இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: அதன் ஆழம் இந்த ஃப்ரீக்வென்சியில் சுமார் 70 டெசிபல். 90 டெசிபல் பள்ளத்தின் அடி அதில் தெரியாது. கேவிட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனியாக ட்யூன் செய்து, பிறகு சேர்த்து, கடைசித் திருத்தத்தை ரிசீவரை வைத்தே செய்யுங்கள். பலவீனமான ஒரு சிக்னலைக் கொடுத்துக்கொண்டே டிரான்ஸ்மிட்டரைப் போடுங்கள், இரைச்சல் கூடவில்லையென்றால் வேலை முடிந்தது. கூடினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். எல்எம்ஆர்-400 போல அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் ஒன்றின்மேல் ஒன்று உரசும் கேபிளை ஒரே ஆண்டெனாவில் அனுப்பிக்கொண்டே கேட்கும் வேலைக்குப் போட்டால் அதுவே இரைச்சல் உண்டாக்கும். கேவிட்டிகளுக்கு நடுவே ஆர்ஜி-214, மேலே போவதற்கு மொபைல் டவர்க்காரர்கள் போடும் அரை இஞ்ச் நெளிவுக் கேபிள். பெங்களூரில் இந்த அரை இஞ்ச் கேபிளின் மிச்சத் துண்டுகள் கிடைப்பது சிரமமில்லை.

உள்ளீட்டில் டோன் கட்டாயம் வையுங்கள், அதாவது குரலோடு ஒரு தாழ்ந்த ஒலியும் சேர்ந்து வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்க வேண்டும். இந்த நகரத்தில் எஃப்எம் நிலையங்களும் மொபைல் டவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, டோன் இல்லாவிட்டால் அவை ஒன்றோடொன்று கலந்து உருவாக்கும் குப்பை சிக்னல் ராத்திரி முழுக்க ரிப்பீட்டரைத் திறந்துகொண்டே இருக்கும். ஆடியோவை டிஸ்கிரிமினேட்டரிலிருந்து எடுத்தால் டிரான்ஸ்மிட்டரில் ஃபிளாட் உள்ளீட்டில்தான் கொடுக்க வேண்டும், மைக் உள்ளீட்டில் கொடுத்தால் எல்லோர் குரலும் தகரத்தில் தட்டிய மாதிரி வரும்.

சட்டப் பக்கம். டிரான்ஸ்மிட்டரை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்பது 1933-ஆம் வருஷத்து வயர்லெஸ் சட்டத்திலிருந்தே நம் நாட்டில் உள்ள விஷயம். எஸ்.பி. ரோட்டிலோ வேறெங்கோ ஒரு பெட்டியைப் பார்த்தால், விற்பவருக்கு வயர்லெஸ் சாதனம் விற்கும் டீலர் உரிமம் இருக்கிறதா, பெட்டி எங்கிருந்து வந்தது, பில் தருவாரா என்று கேளுங்கள். பில் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உரிய அனுமதியை கிளப் பெயரில் டபிள்யூபிசியிடம் (வயர்லெஸ் உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவு) வாங்கிய பிறகே ஆண்டெனாவை இணையுங்கள், அதுவரை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் போடும் மின்தடை) எவ்வளவு வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

இடம் மாறினால் என் தேர்வும் மாறும். நகரத்துக்கு வெளியே ஒரு குன்றின் மேல், சோலாரையும் பேட்டரியையும் நம்பி வைக்கிறீர்கள் என்றால் பெரிய பெட்டியை விட்டுவிட்டு முதல் வழிக்கு வந்துவிடுங்கள். 50 வாட் அனுப்பும்போது 10, 12 ஆம்பியர் இழுக்கும், 10 வாட்டில் வைத்த மொபைல் செட் மூன்று நான்கு ஆம்பியரோடு நின்றுவிடும். குன்றின் மேலிருந்து 10 வாட் போதும், கையடக்க செட்டிலிருந்து வரும் 5 வாட்டைக் கேட்க முடியாத தூரத்துக்கு அனுப்பி என்ன பயன்? அங்கே வேறு கவலை மின்னல். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடி மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் எர்த் குழியைத் தோண்டி, கேபிள் ஷெட்டுக்குள் நுழையும் இடத்தில் அரெஸ்டரைப் போட்டு, டவரையும் கேவிட்டி ரேக்கையும் பவர் சப்ளையையும் ஒரே எர்த்தில் கட்டிவிடுங்கள்.